ஹீல் சைடில் மட்டும் வழுக்குது: ஹார்டு பூட் செட்டப், போர்டை மாத்தணுமா?

வேளச்சேரி 178 | 11 நவம்பர் 2024, இரவு 9:52

நேரா விஷயத்துக்கு வர்றேன். செகண்ட் ஹேண்ட் ஆல்பைன் ஸ்னோபோர்டு (பனிச்சரிவுல கார்விங்குக்கான ஒல்லி வகை). நீளம் 178 செ.மீ., நடு அகலம் 19 செ.மீ., சைடுகட் (போர்டோட பக்கவாட்டு உள்வளைவு) ஆரம் 14 மீட்டர். ஹார்டு பூட் (ஸ்கீ பூட் மாதிரி கெட்டி ஷெல்), அடிப்பாக நீளம் 315 மி.மீ. பைண்டிங் (பூட்டைப் போர்டுல பிடிச்சு வைக்கிறது) கோணம் முன்கால் 50, பின்கால் 45. டோ சைடு (விரல் பக்கம் சாஞ்சு திரும்புறது) சுத்தமா வருது. ஹீல் சைடு (குதிகால் பக்கம்) பாதி வளைவு வரைக்கும் பிடிக்குது, அப்புறம் வால் பிச்சுக்கிட்டுப் போயிடுது. போர்டு பழசு, உள்ள செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். சாஃப்ட் பூட் கோஷ்டி "ஹார்டு பூட்டே ரேஸ்காரன் சமாச்சாரம், விட்டுடு"ங்குது. ஜனவரி கடைசியில உத்தராகண்ட் அவுலி பனிச்சரிவுக்குப் போறேன். அதுக்குள்ள வேற போர்டு தேடலாமா?

பனியன் | 11 நவம்பர் 2024, இரவு 10:30

போர்டு மேல பழி போடுறதுக்கு முன்னால ஒரு மூலைமட்டம் எடுங்க. ரெண்டு பூட்டையும் காலியா பைண்டிங்ல மாட்டி, போர்டை ரெண்டு தடிப் புத்தகத்து மேல வைங்க. எட்ஜ்ல (போர்டோட உலோக விளிம்பு) மூலைமட்டத்தைச் செங்குத்தா நிறுத்தி, எட்ஜைத் தாண்டி பூட் எவ்வளவு வெளியே நீட்டிக்கிட்டு இருக்குன்னு அளங்க. குதிகால் தனி, விரல் பக்கம் தனி, ரெண்டு காலுக்கும். போர்டோட அடிப்பரப்புலேர்ந்து அந்த நீட்டின பாகம் எவ்வளவு உயரத்துல இருக்குன்னும் வேணும். நாலு நம்பர் பிளஸ் ஒரு உயரம். அது வர்றவரைக்கும் போர்டு செத்துச்சா உயிரோட இருக்கான்னு பேசி பிரயோஜனம் இல்லை.

சும்மா பார்க்க | 11 நவம்பர் 2024, இரவு 10:41

19 செ.மீ. போர்டுல 45 டிகிரியா. பாப்கார்ன் எடுத்துட்டு வர்றேன்.

வேளச்சேரி 178 | 12 நவம்பர் 2024, காலை 7:15

அளந்துட்டேன் சார். பின்கால்: குதிகால் 5.4 செ.மீ. வெளியே, விரல் பக்கம் 2.4. முன்கால்: குதிகால் 4.3, விரல் 1.8. உயரம் சுமார் 4 செ.மீ. இது ரொம்ப அதிகமா? சாஃப்ட் பூட்ல விரல் நீட்டிக்கிட்டுத்தானே இருக்கும்?

பனியன் | 12 நவம்பர் 2024, காலை 8:02

சாஃப்ட் பூட்ல போர்டை அவ்வளவு சாய்க்கிறவங்க கம்மி. ஓரளவு நீட்டல் அங்க பொறுத்துக்கும். கார்விங்ல (வழுக்காம எட்ஜ் மேலயே நின்னு வளைவு வெட்டுறது) போர்டு சாயுறப்போ முதல்ல பனியைத் தொடுறது எட்ஜா பூட்டாங்கிறதுதான் கேள்வி. உயரம் 4, நீட்டல் 5.4. நாலை 5.4-ஆல வகுத்து டேன் தலைகீழ் போட்டா 36 டிகிரி. அதாவது பின்கால் குதிகால் 36 டிகிரி சாய்வுல பனியைத் தொட்டுடும். தொட்ட உடனே அது தாங்கலா மாறி எட்ஜைத் தூக்கி விடும். வால் பிச்சுக்கிட்டுப் போறது அதனாலதான். டோ சைடுல 2.4 மட்டும், 59 டிகிரி வரைக்கும் போகலாம். அதான் அந்தப் பக்கம் சுத்தமா வருது. போர்டு நல்லாத்தான் இருக்கு.

கணக்கு வாத்தியார் | 12 நவம்பர் 2024, மதியம் 1:20

பனியன் சொன்னது கண்ணாடித் தரைக்குச் சரி. பனியில் எட்ஜ் புதையும். ஒரு செ.மீ. புதைவதாக வைத்துக்கொண்டால் சமன்பாடு இப்படி: உயரம் × கோசைன் கழித்தல் நீட்டல் × சைன் = புதைவு. 4, 5.4, 1 என்று போட்டால் ஹீல் பக்கம் 28 டிகிரியிலேயே தொட்டுவிடும். டோ பக்கம் 46 அல்லது 47. இந்த வித்தியாசம் ஒன்றே கேள்வியில் உள்ள அறிகுறியை முழுதாக விளக்கிவிடுகிறது.

பூட் குறுக்கே எவ்வளவு இடம் அடைக்கும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கணக்கிடலாம். கோணத்தைப் போர்டின் குறுக்குக் கோட்டிலிருந்து அளக்கிறோம். அடிப்பாக நீளம் × கோசைன், அதோடு அடிப்பாக அகலம் × சைன். ஸ்கீ பூட் தர அளவில் விரல் முனை அகலம் 69 மி.மீ. என்பதால் 6.9 எடுத்துக்கொள்ளுங்கள். 31.5 செ.மீ. பூட் 45 டிகிரியில் 27.2 செ.மீ. அடைக்கும். 50-இல் 25.5. 60-இல் 21.7. 62-இல் 20.9. 65-இல் 19.6.

போர்டின் பக்கம்: நடு அகலம் 19 என்றாலும் கால் நிற்கும் இடம் கொஞ்சம் அகலம். நடுவிலிருந்து 24.5 செ.மீ. தள்ளி, ஆரம் 14 மீட்டர். தூரத்தின் வர்க்கத்தை இரண்டு மடங்கு ஆரத்தால் வகுத்தால் ஒரு பக்கம் 2 மி.மீ. சொச்சம். ஆக 19.4. 27.2 கழித்தல் 19.4 = 7.8. நீங்கள் அளந்த 5.4 + 2.4 அதே 7.8 தான். அளவு எடுத்த கை நல்ல கை.

வேளச்சேரி 178 | 12 நவம்பர் 2024, இரவு 8:10

அப்போ 65 வைக்கணுமா? 65-ங்கிறது நேரா முன்னால பார்த்து நிக்கிற மாதிரி இல்லையா? ஸ்கீ போடலாமே அப்போ.

பனியன் | 12 நவம்பர் 2024, இரவு 9:25

ரெண்டு வேலை. முதல்ல பூட்டை நடுவுக்குக் கொண்டு வாங்க. பிளேட் பைண்டிங்ல டோ பிளாக், ஹீல் பிளாக் ரெண்டையும் ஒரே திசையில ஒரே அளவு தள்ளினா பூட் மொத்தமா நகரும். கோணம் மாத்தின அப்புறம் தள்ளுங்க, முன்னாடி தள்ளினா மறுபடி செய்யணும். ரெண்டாவது, கோணம். முன்கால் 65, பின்கால் 62. பின்காலுக்கு ஒரு பக்கம் 7 அல்லது 8 மி.மீ. மிஞ்சும். வாத்தியார் கணக்குல அது 65 டிகிரி சாய்வு வரைக்கும் பனியைத் தொடாது.

65 நிறையப் பேருக்கு இடுப்புல இறுக்கமா இருக்கும், அது உண்மை. உங்க கால் அளவுக்கு 21, 22 செ.மீ. நடு அகலம் இருந்தா 57/54-ல நிம்மதியா நிக்கலாம். இந்தப் போர்டு சின்னக் காலுக்குச் செஞ்சது. ஒருவேளை மாத்துறதா இருந்தா அகலத்துக்காக மாத்துங்க. இன்னொரு வழி பூட். ஒரே மோண்டோ அளவுக்கு (பாத நீளத்தை வச்சுச் சொல்ற பூட் அளவு) யூபிஇசட் கம்பெனி மாதிரி சில ஷெல்கள் மத்ததைவிட அடிப்பாகம் குட்டை. கடைசி வழி, பைண்டிங்குக்கு அடியில உயர்த்தும் பிளேட். உயரம் 4-லேர்ந்து 5.5 ஆனா இடைவெளி கூடும், ஆனா எட்ஜ் மாத்த நேரம் பிடிக்கும்.

ஸ்கீ பத்தி: செக் வீராங்கனை எஸ்டர் லெடெட்ஸ்கா 2018 பியோங்சாங் ஒலிம்பிக்ல ஸ்கீயில சூப்பர்-ஜி தங்கமும் ஹார்டு பூட் போட்டு பேரலல் ஜெயன்ட் ஸ்லாலம் தங்கமும் வாங்கினாங்க. ரெண்டும் போடலாம், யாரும் தடுக்கலை.

சும்மா பார்க்க | 12 நவம்பர் 2024, இரவு 9:33

எலியட்ஸ் பீச் மணல்ல ஏறி இறங்கிப் பழகலாமா?

பனியன் | 12 நவம்பர் 2024, இரவு 9:34

அடிப்பரப்பு பிளாஸ்டிக். மணல் உப்புத்தாள். மிச்சத்தை நீங்களே யோசிங்க.

கணக்கு வாத்தியார் | 13 நவம்பர் 2024, காலை 6:50

இரவில் யோசித்ததில் இன்னொன்று. கோணத்தைச் சரிசெய்தாலும் அவுலியில் உங்களுக்கு ஏமாற்றம் வரலாம். காரணம் 14 மீட்டர் ஆரம்.

எட்ஜில் சுத்தமாக நிற்கும் போர்டு வெட்டும் வளைவின் ஆரம், சைடுகட் ஆரம் × சாய்வின் கோசைன். 14 மீட்டர் போர்டை 30 டிகிரி சாய்த்தால் 12.1 மீட்டர், 45-இல் 9.9, 60-இல் 7. இதை உடல் சாய்வின் சமநிலையோடு சேர்த்தால் எளிய விடை வருகிறது: வேகத்தின் வர்க்கம் = 9.81 × சைடுகட் ஆரம் × சாய்வின் சைன்.

மணிக்கு 25 கி.மீ. என்றால் நொடிக்கு 6.9 மீட்டர். 14 மீட்டர் போர்டில் அந்த வேகத்துக்குத் தாங்கும் சாய்வு 20, 21 டிகிரிதான். அதற்கு மேல் சாய்ந்தால் உள்பக்கம் விழுவீர்கள். 45 டிகிரி வேண்டுமென்றால் 35 கி.மீ. வேகம் வேண்டும். 10 மீட்டர் ஸ்லாலம் போர்டில் அதே 45 டிகிரிக்கு 30 கி.மீ. போதும். வீடியோவில் பார்த்து, மெதுவாகப் போய்க்கொண்டே தரையைத் தொட நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

மேல் வரம்பும் உண்டு. சைன் ஒன்றைத் தாண்டாது. 14 மீட்டருக்கு 42 கி.மீ. அதைத் தாண்டினால் உடம்பை மரம்போல் மொத்தமாகச் சாய்த்துக் கார்வ் செய்ய முடியாது. முட்டியும் இடுப்பும் மடங்கி, போர்டு உடம்பைவிட அதிகம் சாய வேண்டும்.

திருவான்மியூர் துரு | 13 நவம்பர் 2024, காலை 11:05

வாத்தியாரே, இது சமதளக் கணக்கு. சரிவுல வளைவோட பின்பாதியில புவியீர்ப்பும் சேர்ந்து கீழே இழுக்கும். பாரம் முழுக்க அங்கதான் ஏறும். முன்பாதியில போர்டு கிட்டத்தட்ட எடையில்லாம இருக்கும். வழுக்கல் எப்பவும் பின்பாதியில வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கு வாத்தியார் | 13 நவம்பர் 2024, காலை 11:40

ஒப்புக்கொள்கிறேன். தோராயத்துக்குச் சமதளம் போதும். சரிவு கூடக்கூட அந்த 42-ஐ நம்ப வேண்டாம்.

வேளச்சேரி 178 | 17 நவம்பர் 2024, மாலை 5:48

மழையில வெளிய போக முடியலை, உட்கார்ந்து 65/62 மாத்திட்டேன். ரெண்டு பக்கமும் சமமா இருக்கு. கார்ப்பெட் மேல நின்னு பார்த்தா பின் முட்டி உள்பக்கம் இழுக்குது. ஹீல் சைடுக்கு சாஞ்சா உட்கார்ற மாதிரியே வருது. பூட் லாக் (பூட்டோட முன்சாய்வை நிறுத்தி வைக்கிறது) ரெண்டும் ஒரே நிலையில இருக்கு, அது சரியா?

பனியன் | 17 நவம்பர் 2024, இரவு 10:12

சரியில்லை. பின் பூட் முன் பூட்டைவிட முன்னால சாஞ்சு இருக்கணும். அஞ்சு நிலை இருக்கிற லாக்னா முன்கால் இரண்டு, பின்கால் நாலு வச்சு ஆரம்பிங்க. முன்காலுக்கு விரல் பக்கம் தூக்கல், பின்காலுக்கு குதிகால் பக்கம் தூக்கல். ஆப்பு வைக்கிற பைண்டிங்னா முன்னால டோவுக்கு அடியில ஒண்ணு, பின்னால ஹீலுக்கு அடியில ஒண்ணு. பாம்பர் டிடி3 மாதிரி சாய்வு டிஸ்க் இருக்கிறதுல 3 டிகிரி போதும், 6 அப்புறம் பார்க்கலாம். தூக்கல் வச்சதும் முட்டி இழுப்பு பெரும்பாலும் போயிடும். போகலைன்னா கால் இடைவெளியைப் பாருங்க. உள்கால் நீளம் × 0.6, 82 செ.மீ.ன்னா 49. அதுலேர்ந்து ரெண்டு செ.மீ. முன்ன பின்ன.

இப்போ உட்கார்ற விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமா எழுதணும், ஏன்னா ஹீல் சைடு பிரச்சினையில செட்டப் பாதி, இது பாதி.

60-க்கு மேல கோணம் வச்சுட்டு உடம்பை 30 டிகிரியில திருப்பி வச்சா ஹீல் சைடுல பின்பக்கம் மட்டும் உள்ளே போகும், நெஞ்சு முன்னால கவிழும். எடை உள்ளே போயிடுச்சு, ஆனா போர்டு அந்த அளவு சாயலை. இந்த நிலையில எட்ஜ் பிடிக்கவே பிடிக்காது. இடுப்பு எலும்பு ரெண்டும் பைண்டிங் பார்க்கிற திசையைப் பார்க்கணும், ஹீல் சைடுல அதைவிட ஒரு பொட்டு அதிகமா வளைவுக்குள்ள திரும்பணும்.

செய்யுற வரிசை: டோ சைடு முடியுறப்போவே அடுத்த வளைவு முடியுற இடத்தைப் பாருங்க. போர்டு தட்டையாகுற நொடியில முன் காலோட கணைக்கால் எலும்பு பூட் நாக்கை அழுத்தணும். எட்ஜ் பிடிச்சதும் பின் முட்டியை முன் முட்டியை நோக்கித் தள்ளுங்க. பின் கையை முன் பூட்டோட மேல் பக்கிள் பக்கமா நீட்டுங்க. தொடணும்னு இல்லை, தொடப் போற மாதிரி போனாலே இடுப்பு திரும்பிடும். தோள் கோடு சரிவுக்கு இணையா. உள்தோள் கீழே தொங்கினா உடனே வழுக்கும். நடு வளைவுல எடை ரெண்டு காலுக்கும் சமம், முடியுறப்போ பின்காலுக்குக் கொஞ்சம் போகலாம். முதல்லயே பின்கால்ல உட்கார்ந்தா நோஸ் (போர்டோட முன்முனை) தூக்கிக்கும், சைடுகட் வேலை செய்யாது.

பனியன் | 17 நவம்பர் 2024, இரவு 10:31

விட்டுப்போச்சு. நேரா இந்த வரிசையோட முழு வளைவுக்குப் போகாதீங்க. இளஞ்சரிவுல நேரா கீழே விட்டு, ஒரே எட்ஜ்ல சாச்சு, போர்டு தானா மேட்டுப் பக்கம் ஏறி நிக்கிறவரைக்கும் எதுவும் செய்யாம இருங்க. திருப்பக் கூடாது, மிதிக்கக் கூடாது. நின்னதும் இறங்கித் திரும்பித் தடத்தைப் பாருங்க. பென்சில் கோடு மாதிரி ஒல்லியா இருந்தா அது கார்வ். ஆரம்பத்துலேயே அகலமா இருந்தா எட்ஜ் போடுறதுக்கு முன்னால தோளால போர்டைத் திருப்பியிருக்கீங்க. ஒல்லியா தொடங்கி பின்பாதியில அகலமானா எடை பின்னால போயிருக்கு, இல்லைன்னா பூட் தொடுது. சீப்பு இழுத்த மாதிரி விட்டு விட்டு இருந்தா தடதடப்பு: பின்கால் விறைப்பா நீட்டியிருக்கு, இல்லை எட்ஜ் மழுங்கல்.

சும்மா பார்க்க | 18 நவம்பர் 2024, காலை 9:00

மேட்டுப் பக்கம் ஏறுறப்போ பின்னால வர்றவன் மேல மோதினா யார் தப்பு?

திருவான்மியூர் துரு | 18 நவம்பர் 2024, காலை 9:22

ஃபிஸ் (சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பு) நடத்தை விதியில அஞ்சாவது: சரிவுக்குள்ள நுழையுறவன், நின்னு கிளம்புறவன், மேல்நோக்கிப் போறவன், மூணு பேரும் மேலயும் கீழயும் பார்க்கணும். அதனால மேட்டுக்கு ஏறின கார்வர் மேல தப்பு வரலாம். ஹார்டு பூட்காரன் சரிவோட முழு அகலத்தையும் குறுக்க வெட்டுறான், பின்னால வர்ற ஸ்கீக்காரனுக்கு அது எதிர்பார்க்க முடியாத பாதை. ஒவ்வொரு டோ சைடு தொடக்கத்துலயும் தோளுக்கு மேல ஒரு பார்வை. கூட்டம் சேர்றதுக்கு முன்னால காலையில போய் முடிச்சுடுறது புத்திசாலித்தனம்.

காலையில போக இன்னொரு காரணம், இயந்திரம் சீவி விட்ட தடம் அப்போ இறுகி இருக்கும். மதிய வெயில்ல இளகிட்டா எட்ஜ் 2 செ.மீ. புதையும். வாத்தியார் சமன்பாட்டுல 1-க்குப் பதிலா 2 போட்டுப் பாருங்க, 62-ல வச்ச பின்காலே 50 டிகிரியில தொட ஆரம்பிச்சுடும்.

குல்மார்க் போறவங்களுக்கு: கொண்டோலா ரோப்வே இரண்டாம் கட்டம் ஏறி அஃபர்வாட் மலையில இந்தப் போர்டை இறக்காதீங்க. அங்க சீவாத ஆழப் பனி. 19 செ.மீ. போர்டு மிதக்காது, நோஸ் உள்ளே போயிடும். கட்டியும் குழியுமான இடத்துலயும் வேண்டாம். டைட்டானல் தகடு வச்ச போர்டு ஒரு தடவை மடங்கினா மடங்கினதுதான், நிமிராது. பேரைப் பார்த்து டைட்டானியம்னு ஏமாறாதீங்க, அது அலுமினியக் கலவை.

வேளச்சேரி 178 | 24 நவம்பர் 2024, இரவு 7:40

துரு அண்ணா, எட்ஜ் பூரா செம்மண் கலர்ல புள்ளி. போன வாரம் இல்லை. சைடு கோணம் எவ்வளவு வைக்கிறது?

திருவான்மியூர் துரு | 24 நவம்பர் 2024, இரவு 8:55

கடல் காத்துக்கு ஒரு ராத்திரி போதும். என் பேரே சாட்சி. புள்ளி மட்டும்னா வைரக் கல்லை ஈரப்படுத்தி, கைடுல வச்சு நாலு இழுப்பு. குழி விழுந்திருந்தா ஃபைல். சைடு 88, அடிப்பக்கம் அரையிலிருந்து ஒரு டிகிரி. ஃபைலை ஒரே திசையில மட்டும் இழுக்கணும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஃபைல் பண்ணின அப்புறம் நகத்தை எட்ஜுக்குக் குறுக்க இழுத்துப் பாருங்க. மெல்லிசா சுருள் வரணும், கொக்கி மாட்டுற மாதிரி பிசிறு இருக்கக் கூடாது.

அப்புறம் வேக்ஸை உருக்கி அடிப்பரப்பு முழுக்கவும் எட்ஜ் மேலயும் வழிய விட்டுடுங்க. சுரண்டாதீங்க. ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் சுரண்டினா போதும். துணி அயர்ன்ல செய்யலாம், ஆனா நீராவித் துளை இல்லாத பழைய வகையா இருக்கணும், அதை மறுபடி சட்டைக்கு எடுக்கக் கூடாது. புகை வந்தா சூடு அதிகம். ஒரே இடத்துல நிறுத்தினா அடிப்பரப்பு வெந்து கொப்புளிக்கும்.

பரண்ல வைக்காதீங்க. மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற பரண் மே மாசம் அடுப்பு. கட்டிலுக்கு அடியில தட்டையா, பையோட ஜிப்பைத் திறந்து வைங்க.

பூட் பத்தி யாரும் பேசலை, எட்ஜைவிட அதுதான் எனக்குக் கவலை. பாலியூரித்தேன் ஷெல் சூடும் ஈரமும் சேர்ந்தா மூலக்கூறு அளவுல உடையும். வெளிய பார்க்க புதுசா இருக்கும், சரிவுல குளிர்ல வளையுறப்போ சில்லு சில்லா போயிடும். நம்ம ஊரு காத்துல அது சீக்கிரம் நடக்கும். பத்து வருஷத்துக்கு மேல பழைய பூட்டை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினா பக்கிள் ஆணி அடிச்ச இடம், கணுக்கால் மூட்டு, குதிகால் முனை மூணையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைக் கோடு தெரிஞ்சா காசு தராதீங்க. லைனரை வெளிய எடுத்து ஃபேன்ல காய வைங்க, வெயில்ல வேண்டாம்.

வேளச்சேரி 178 | 25 நவம்பர் 2024, காலை 8:20

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கோடு இல்லை. இப்போதைக்குப் போர்டு வாங்கலை. இன்னொண்ணு: பைண்டிங் போல்ட் ஒண்ணு காணோம். பாரிமுனையில எம்6 கேட்டா கிடைக்குமா?

பனியன் | 25 நவம்பர் 2024, காலை 9:47

எம்6, ஒரு மி.மீ. மரை இடைவெளி, எங்கேயும் கிடைக்கும். மிச்சம் இருக்கிற போல்ட்ல ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க, ஏன்னா தலையோட சரிவுக் கோணம் டிஸ்க்கோட குழிக்குப் பொருந்தணும். பொருந்தலைன்னா தலை ஒரு விளிம்புல மட்டும் உட்கார்ந்து தளர்ந்துக்கிட்டே இருக்கும்.

நீளம்தான் முக்கியம். பைண்டிங் இல்லாம போல்ட்டைக் கையால போர்டுக்குள்ள திருகுங்க, எத்தனை சுத்துல முட்டுதுன்னு எண்ணுங்க. ஒரு சுத்து ஒரு மி.மீ. ஏழு சுத்துல முட்டினா, டிஸ்க்குக்குக் கீழே நீட்டுற பாகம் 5-க்குக் குறையக் கூடாது, ஆறரையைத் தாண்டக் கூடாது. குறைஞ்சா மரையைப் பிச்சுக்கிட்டு வெளிய வரும். நீளம் கூடினா போல்ட் நுனி அடிப்பரப்பைக் குத்தி கீழே ஒரு பொத்தான் மாதிரி மேடு எழும்பும்.

மரைக்கு நீல ரகப் பசை ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம், கழட்ட முடியாது. முதல் இறக்கம் முடிஞ்சதும் எட்டையும் ஒரு தடவை இறுக்குங்க. நாலு போல்ட் கூடுதலா வாங்கிப் பையில போட்டுக்குங்க, அவுலியில கடை தேட முடியாது.